நாற்காலி காலியாக இருக்கக் கூடாது

எழுபது தாண்டினால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே வேலைதான், ஆமாம் போடுவது. சட்டத்தில் அதற்குப் 'பொறுப்பாளர்' என்று கௌரவமான பெயர் உண்டு. வெளியே எங்களைத் தலையாட்டிகள் என்பார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. தலையாட்டுகிறவளைத் தலையாட்டி என்று சொல்லாமல் மகாராணி என்றா சொல்வார்கள்?

ஊரில் லிஃப்ட், தண்ணீர், மின்சாரம், சிக்னல் எல்லாவற்றையும் ஓர் இயந்திரம்தான் பார்த்துக்கொள்கிறது. நாங்கள் அதைத் துரை என்போம். துரை சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது அல்லவா, அதனால். துரைக்குத் தப்பே வராது என்கிறார்கள். வந்துவிட்டால்? இயந்திரத்தைப் பிடித்து உள்ளே தள்ள முடியாது. செத்தவன் வீட்டாருக்குக் காட்ட ஒரு முகம் வேண்டும். ஆகவே, உயிர் சம்பந்தப்பட்ட எதையும் துரை தானாகச் செய்யக் கூடாது, ஒரு மனிதர் படத்தைப் பார்த்து, யோசித்து, சரி என்று கை வைத்த பிறகே செய்ய வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த மனிதருக்கு எழுபது வயது தாண்டியிருக்க வேண்டும். தண்ணீருக்கு ஒன்று, லிஃப்டுக்கு ஒன்று என்று எங்களை உட்கார வைக்க மண்டபங்கள் கட்டினார்கள். அனுபவசாலிகளை மதிக்கிறோம் என்று எங்கள் மண்டபச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. எங்களுக்குத் தெரியாதா? முப்பது வயதுக்காரனை உள்ளே தள்ளினால் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வரும். எங்களைத் தள்ளினால் வீட்டில் ஒரு கட்டில் மிச்சம்.

இந்த வேலை எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. வேலைக்குப் போன காலம் முழுக்க ஒரு தொலைபேசிக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தவள் நான். யார் வீட்டு லைன் அறுந்தாலும் திட்டு எனக்கு. ஆரம்பத்தில் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வருவேன். பிறகு அதுவும் நின்றுவிட்டது. ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு நகம் வெட்டிக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் ஒருவர் என் ஏழு தலைமுறையை இழுத்துக்கொண்டிருப்பார். மனசு மரத்துப்போவது என்பது ஒரு நாளில் வருவதில்லை. வந்துவிட்டால் ரொம்ப வசதி.

மண்டபத்தில் என் பக்கத்து நாற்காலி என் சம்பந்தி. என் மகளின் மாமியார். இருவருக்கும் வீட்டுக்காரர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருவரும் பிள்ளைகளோடுதான் இருக்கிறோம், அதாவது ஒரே வீட்டில். ஒரே அறையில் இரண்டு கட்டில், ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எந்தப் பாவிக்கும் இப்படி ஒரு தண்டனை வரக் கூடாது என்று முதலில் நினைத்தேன். சம்பந்திக்கு வாய் ஓயாது. தூக்கத்தில் குறட்டை விட்டால்கூட யாருக்கோ புத்தி சொல்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் மனசு வெள்ளை. என்னைவிட வயதில் மூத்தவள். உடம்பு மட்டும் இரும்பு. பேத்தியை ஒரு கையில் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் வீட்டையே பெருக்கிவிடுவாள். நான் குழந்தையைத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுக்கையில் கிடப்பேன்.

மண்டபத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். நாற்காலியில் கனம் இல்லாவிட்டால் மேலே சிவப்பு விளக்கு எரியும். கண்காணிப்பாளர் ஓடி வருவார். நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் விதி, கடைசி விதி. காலையில் ஓர் இடைவேளை, சாப்பாட்டுக்கு ஓர் இடைவேளை. இதைப் போட்ட புண்ணியவானுக்கு வயது முப்பதுகூட இருந்திருக்காது. எழுபது வயதுக்காரியின் சிறுநீர்ப்பை இடைவேளை பார்த்தா நிறையும்? எங்களுக்கு அடக்க வராது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கதைதான். அதனால் "கொஞ்சம் கை கொடுங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போவோம். அவர் தன் நாற்காலியில் பாதியும் நம் நாற்காலியில் பாதியுமாக நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். துரை ஏதாவது கேட்டால் எட்டி, நம் திரைக்குக் கீழே இருக்கும் பலகையில் கை வைப்பார். யார் கை என்று பலகை பார்ப்பதில்லை. முதலில் ரேகை பார்க்கத்தான் செய்தார்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து எங்களில் பாதிப் பேருக்கு ரேகையே இல்லை. சூடாக ஒரு கை இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இதில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. திரைகளை நேரே உட்கார்ந்தால் மட்டும் தெரிகிற மாதிரி செய்திருக்கிறார்கள். மற்றவர் வீட்டு விஷயம் அடுத்தவர் கண்ணில் படக் கூடாதாம். பக்கவாட்டில் இருந்து எட்டிப் பார்த்தால் கறுப்பாகத்தான் தெரியும். ஆகவே கை கொடுக்கிறவர் எதற்குக் கை வைக்கிறோம் என்று தெரியாமல்தான் வைப்பார். நேரே உட்கார்ந்திருக்கிறவர்கள் மட்டும் என்ன கிழித்தார்கள்? நான் சேர்ந்ததிலிருந்து அந்த மண்டபத்தில் ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லிக் கேட்டதில்லை.

அன்றைக்குக் காலையில் இடைவேளைக்கு முன்னாலேயே எனக்கு முட்டிக்கொண்டு வந்தது.

"சம்பந்தி, கொஞ்சம் கை கொடுங்க."

"போயிட்டு வாங்க, வாங்க. நான் என்ன ஓடியா போயிடப் போறேன்? அப்படியே வரும்போது அந்த ஜன்னலச் சாத்திட்டு வாங்க, வெயில் மூஞ்சில அடிக்குது."

போனேன். கழிவறை தாழ்வாரத்தின் கடைசியில். எனக்கு முன்னால் ஒருத்தி நின்றிருந்தாள், அவளுக்கு மூட்டுவலி, உட்கார்ந்தால் எழ முடியாது. காத்திருந்து, போய், வந்து, ஜன்னலையும் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். சம்பந்தி தன் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

"ஏதோ கேட்டான். வச்சுட்டேன்" என்றாள். பிறகு பேத்திக்குப் பல் முளைக்கிற கதையைத் தொடர்ந்தாள்.

சாப்பாடு முடிந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண்காணிப்பாளர் வந்தார். கூட இரண்டு பேர். வழக்கமாகக் கத்துகிறவர் அன்றைக்கு மெதுவாகப் பேசினார். அதிலேயே எனக்குப் பொறி தட்டியது.

"பாட்டிம்மா, இது உங்க நாற்காலிதானே?"

"என் நாற்காலிதான்."

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர். வேலை முடிந்ததாகத் துரைக்குத் தகவல் போயிருக்கிறது. முடிந்தது பக்கத்து லிஃப்ட். இந்த லிஃப்டின் குழிக்குள் மெக்கானிக் இன்னும் நின்றிருக்கிறான். லிஃப்டை ஓட்டலாமா என்று துரை படத்தோடு கேட்டிருக்கிறது. என் பலகையில் கை விழுந்திருக்கிறது. லிஃப்ட் இறங்கிவிட்டது.

அந்தப் படத்தை எனக்குக் காட்டினார்கள். மூடிய லிஃப்ட் கதவு. பக்கத்தில் சுவரோரமாக, ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்த ஒரு ஜோடி செருப்பு. நீலப் பட்டை. உள்ளே இறங்குவதற்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். துரைக்கு அது யாரோ விட்டுவிட்டுப் போன பொருள். எந்த மனுஷியாவது அதைப் பார்த்திருந்தால், லிஃப்ட் வாசலில் செருப்பை இப்படிச் சேர்த்து வைத்துவிட்டு எவன் வெறுங்காலோடு போவான் என்று ஒரு நிமிஷம் தோன்றியிருக்கும். அதற்குத்தான் எங்களை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்.

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவள் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றுமே இல்லை.

விதி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். நாற்காலியை விட்டு எழுந்து போனால் கண்டிப்பதோடு சரி. அடுத்தவர் நாற்காலியில் கை வைத்தது தெரிந்தால், கை வைத்தவருக்கு அமைதி இல்லம். சிறை என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு வைத்த பெயர் அது. ஊருக்கு வெளியே இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் சம்பந்தி போவாள். திறக்காவிட்டால் நான் போவேன். மூன்றாவது வழி கிடையாது. எதையும் அப்போது நான் முடிவு செய்யவில்லை. விசாரணைக்குக் கூப்பிடுவோம், அதுவரை வீட்டில் இருங்கள் என்றார்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சாயங்காலம் வேலை முடிந்து சம்பந்தி வீட்டுக்கு வந்தாள். நேரே சமையலறைக்குப் போனாள், டீ போட்டாள், என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை எக்கச்சக்கம். குடித்தேன்.

இரண்டொரு நாள் கழித்து, மகளிடம் சொல்லிவிடலாம் என்று முடிவுக்கு வந்தேன். கோள் சொல்கிற மாதிரி இருக்குமே என்று யோசித்து யோசித்துத்தான் வந்தேன். அவள் பால்கனியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன். நான் ஆரம்பிக்கும் முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

"அம்மா, அத்தை அவர்கிட்ட சொல்லிட்டாங்க."

"என்னத்த?"

"கை வச்சது அவங்கதான்னு. அழுது தீர்த்துட்டாங்க."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்தப் பாரம் எனக்கு இல்லை. சம்பந்தி மனசு வெள்ளை என்று நான் சொன்னேன் அல்லவா, அது சரிதான் என்றுகூட நினைத்தேன்.

"நல்லதாப் போச்சு. விசாரணையிலயும் அப்படியே சொல்லிட்டா…"

மகள் கையில் இருந்த துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அம்மா, கோவப்படாம கேளு. குழந்தை அத்தை மேலதாம்மா தூங்குது. நான் வேலைக்குப் போறேன், அவரும் போறாரு. பகல்ல காப்பகம் இருக்கு, சாயங்காலம் வந்து அவங்க தூக்கி வச்சுக்கலைன்னா என்னால எதுவும் முடியாது. உன்னால தூக்க முடியாது. உன்னக் குத்தம் சொல்லல, உன் முதுகு அப்படி."

"அதுக்கு?"

"அத்தை போனா, அவரோட அம்மாவ நம்ம அனுப்பினதா ஆயிடும்மா. காலம் பூரா சொல்லிக் காட்டுவாரு. ஒவ்வொரு சண்டையிலயும் வரும். நீ போனா…" அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "நீ போனா சொல்லிக் காட்ட யாரு இருக்கா? நான் என்ன சொல்லிக் காட்டவா போறேன்?"

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். என் மகள் கல் இல்லை. அழுதுகொண்டேதான் சொன்னாள். மூக்கைத் துண்டில் துடைத்துவிட்டு, துவைத்த துண்டாயிற்றே என்று தனியாக எடுத்து வைத்தாள். எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன். வயிறு எரியும், நெஞ்சு அடைக்கும் என்றெல்லாம் சொல்வார்களே. ஒன்றும் வரவில்லை. எதிர் வீட்டு மாடியில் ஒருவர் ஜமுக்காளம் உதறிக்கொண்டிருந்தார். தூசி இந்தப் பக்கம்தான் வந்தது.

"உனக்கு எதையும் தாங்கிக்கற மனசும்மா" என்றாள்.

அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். நான் அந்தத் துணிக்கூடையை என் பக்கம் இழுத்து மிச்சத்தை மடித்து வைத்தேன். சரி என்று சொல்லவில்லை. ஆனால் மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கம் வேண்டுமே.

அதன் பிறகு வீட்டில் எனக்கு நடந்த உபசாரத்தைச் சொல்லி முடியாது. சம்பந்தி தன் ஜன்னலோரக் கட்டிலை எனக்குக் கொடுத்தாள். என் துணிகளை இஸ்திரி போட்டாள். தட்டு காலியாவதற்கு முன்னால் இரண்டாம் தரம் வைத்தாள். ஒரு நாள் என் கால்மாட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"சும்மா இருங்க சம்பந்தி! வெட்டப் போற ஆட்டுக்குத் தழை போடற மாதிரி எதுக்கு இதெல்லாம்?"

அவள் என் காலை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். "நாளைக்கு நானே போய்ச் சொல்லிடறேன் சம்பந்தி. என்னால முடியல. பேத்திய நெனச்சா வாய் வரமாட்டேங்குது. நாளைக்கு நிச்சயமா சொல்லிடறேன்."

"சொல்லுங்க" என்றேன்.

சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் அதையேதான் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை, சொல்கிற நேரத்தில் உண்மையாகவே நினைத்துத்தான் சொன்னாள். காலையில் பேத்தி விழித்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கையை நீட்டும். அதோடு முடிந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் மருமகன் வந்து என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நல்ல பையன். என் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்திடம் பேசினான்.

"அத்தை, நான் விசாரிச்சுட்டேன். 'பாத்துத்தான் கை வச்சேன், செருப்பு பெருசாத் தோணல'ன்னு சொன்னீங்கன்னா அது கணிப்புத் தப்பு. இல்லத்துல முன்கட்டுலதான் வைப்பாங்க. மாசம் ஒரு நாள் வீட்டுக்கு வரலாம். நானே வந்து கூட்டிட்டு வரேன். 'பாக்காம வச்சேன்'னு மட்டும் சொல்லிடாதீங்க. அது பின்கட்டு. உள்ள போனா வெளிய வர முடியாது."

"பாத்தேன்னு சொல்லணும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான் அத்தை."

மாசம் ஒரு நாள். அந்த ஒரு நாளைக்கு நான் ஆசைப்பட்டேன், மறைப்பானேன். பேத்தி என்னை அடையாளம் மறக்காமல் இருக்கும். மகள் எதிரே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடலாம். அது போதும், மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும் என்று இருந்தது. காலையில் மகள் எனக்குப் பை தயாராக வைத்திருந்தாள். கம்பளிச் சட்டை, முதுகுக்குப் போடும் பெல்ட், மூக்குக்கண்ணாடி எல்லாம் மறக்காமல் எடுத்து வைத்திருந்தாள். எதிலும் கெட்டிக்காரி.

விசாரணை அறை சின்னது. ஒரு மேஜை, அதன் பின்னால் ஓர் இளம் பெண் அதிகாரி, மூலையில் ஒரு கிழவர். அவர் முன்னால் எங்களுடையது மாதிரியே ஒரு திரையும் பலகையும். தீர்ப்பைத் துரைதான் சொல்லும், அவர் கை வைக்க வேண்டும். நாங்கள் கை வைத்ததற்குத் தண்டனை கொடுக்கவும் எங்களில் ஒருவர்தான் கை வைக்க வேண்டும். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவரும் எதையோ அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார், உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது.

பின் வரிசையில் என் மகள், மருமகன், சம்பந்தி. முன் வரிசையில் தனியாக ஒரு அம்மாள். மடியில் பை, பையின் மேல் இரண்டு கை. கழுத்தில் பொறுப்பாளர் அட்டை. எங்களை மாதிரி அவளும் ஒரு தலையாட்டி. செத்த மெக்கானிக்கின் தாய் என்று அதிகாரி சொன்னாள்.

"ஒரே ஒரு கேள்விதாம்மா" என்றாள் அதிகாரி. பணிவாகத்தான் பேசினாள். "படத்தப் பாத்துட்டுக் கை வச்சீங்களா, பாக்காம வச்சீங்களா?"

வாயைத் திறந்தேன். பாத்தேன் என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் அந்த அம்மாள் எழுந்துவிட்டாள்.

"நான் ஒண்ணு கேட்டுக்கறேன்."

அதிகாரி தடுக்கவில்லை.

அவள் என் அருகே வந்து நின்றாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. தூங்கிப் பல நாள் ஆனவள் மாதிரி இருந்தாள்.

"படத்துல என் பையன் செருப்பு இருந்துச்சுன்னாங்க. நீலப் பட்டை. நான்தான் வாங்கிக் குடுத்தேன். அளவு கொஞ்சம் பெருசாப் போச்சு, மாத்தித் தரேன்னேன், வேண்டாம்னுட்டான். அத எங்க கழட்டினாலும் சேத்துத்தான் வைப்பான், சின்ன வயசுலேர்ந்து. நீங்க அதப் பாத்தீங்களா? பாத்துட்டுமா வச்சீங்க?"

நான் அவளையே பார்த்தேன். பாத்தேன் என்று சொன்னால் எனக்கு மாசம் ஒரு நாள். இவளுக்கு? தன் வயதில் ஒருத்தி, பிள்ளை பெற்று வளர்த்த ஒருத்தி, தன் மகனின் செருப்பைக் கண்ணால் பார்த்தாள், பார்த்தும் அது ஒன்றுமில்லை என்று நினைத்தாள் என்பதை இவள் சாகும் வரைக்கும் சுமக்க வேண்டும். நடக்காத ஒன்றை நான் இவள் தலையில் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவேன். எனக்கு அன்றைக்குத்தான், அத்தனை நாளில் முதல் தடவையாக, வலித்தது.

உண்மையைச் சொல்லலாம். நான் கழிவறையில் இருந்தேன், அந்தப் படத்தை யாருமே பார்க்கவில்லை என்று சொல்லலாம். பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். மகள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், மெதுவாக, யாருக்கும் தெரியாமல். வேண்டாம்மா என்று.

"பாக்கலம்மா" என்றேன். "நான் தூங்கிட்டேன். கை தானா விழுந்துடுச்சு. உங்க பையன் செருப்ப யாரும் பாக்கல. பாத்திருந்தா எந்தப் பொம்பளையும் வச்சிருக்க மாட்டா."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. இது பின்கட்டு."

"தெரியும்."

அந்த அம்மாள் பக்கத்தில் இருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்கிட்டீங்களா" என்றாள். "தூக்கம்தானா. நான் வேற என்னென்னவோ நெனச்சுக்கிட்டிருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "நானும் தண்ணி மண்டபத்துலதான் உக்காந்திருக்கேன். எனக்கும் கண்ணு சொக்கும். எத்தன வாட்டி பாக்காம கை வச்சேனோ, எவன் வீட்ல என்ன ஆச்சோ, யாருக்குத் தெரியும். வச்ச கை மேல எனக்கு ஆத்திரம் இல்ல. போங்க. நல்லா இருங்க."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள், வலது கையை. அந்தக் கை எதையும் தொடவில்லை, கழிவறைக் கதவையும் ஜன்னலையும் தவிர. அவள் கொடுத்தது எனக்குச் சேர வேண்டியதே இல்லை. அது சேர வேண்டியவள் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஐயோ என்று ஒரு சத்தம் கேட்டது. சம்பந்திதான். முகத்தில் இரண்டு கையாலும் அறைந்துகொண்டு, வாய்விட்டு, அடிவயிற்றிலிருந்து கதறினாள். அப்போதாவது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். என்னைச் சுட்டிக் கையை நீட்டினாள், வாயைத் திறந்தாள், மறுபடியும் அழுகைதான் வந்தது. வார்த்தை வரவில்லை.

"யாரு அவங்க?" என்று அதிகாரி கேட்டாள்.

"எங்க அம்மா" என்றான் மருமகன். "அவங்களுக்குச் சம்பந்தி."

"சம்பந்தி மேல இவ்வளவு பாசமா!" என்றாள் அதிகாரி. அவள் கண்ணும் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல யாரு இருக்கா இப்படி?"

மூலையில் இருந்த கிழவரும் சம்பந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் தீர்ப்பு வந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சம்பந்தி அழுவதைப் பார்த்துக்கொண்டே கையை எடுத்துப் பலகையில் வைத்தார். என் விஷயம் முடிந்துவிட்டது. உடனே எழுந்து கழிவறைப் பக்கம் ஓடினார், பாவம்.

என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆள் வந்தது. என் மகள் எழுந்து முன்னால் வந்தாள். என்னிடம்தான் வருகிறாள் என்று பையைக் கீழே வைத்தேன். அதற்குள் சம்பந்தி நாற்காலியிலிருந்து சரியப் பார்த்தாள். மகள் பாதியில் திரும்பி ஓடிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். முதுகைத் தடவிவிட்டாள். "அழாதீங்க அத்தை, அழாதீங்க" என்று தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மருமகன் விசிறினான். அந்தத் தாய்கூட அவளிடம் போய், மனசத் தேத்திக்கோங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் பக்கம் யாரும் வரவில்லை. நான் அழவில்லையே. அழாதவளுக்கு என்ன ஆறுதல் வேண்டியிருக்கும் என்று நினைத்திருப்பார்கள். நானே பையை எடுத்துக்கொண்டு அந்த ஆளின் பின்னால் நடந்தேன்.